கடற்குளிப்பும் கடும்பசியும்

உடல் பருத்தோர் மெலிய விரும்பினால் நீந்துதல் நன்று என வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நீந்திக் கரையேறியவனுக்கு உண்டாகும் பசியை என்ன செய்வது என்பதை மட்டும் அவர்கள் பெரும்பாலும் சொல்லுவதில்லை. மருந்துச்சீட்டு எழுதும் மேசைக்கும் கடற்கரைக்கும் நெடுந்தூரம் அல்லவா! அந்த இடைவெளியில் நின்று நாம் கண்டவற்றையும் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதத் துணிந்தோம். நாம் வைத்தியரல்லேம், கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர். வாசகர்கள் அதனை மனத்திற் கொண்டு வாசிப்பார்களாக.

எமது வாசம் கட்டைபறிச்சானில். திருகோணமலை மாவட்டத்திலே, மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில், களப்பையும் பாலத்தையும் அண்டிக் கிடக்கும் ஊர் இது. வடக்கே கொட்டியாரக்குடா விரிந்திருக்கிறது. 1660ஆம் ஆண்டில் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டது இந்தக் குடாவின் கரையிலேதான். அவருடைய கதை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். குடாவின் நீர் எத்தகையது என்பது எம்மூர்ப் பெரியவர்கள் பலருக்கும் மறந்துபோயிற்று. கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்தும் கால் நனைக்காதவர்கள் இங்கே ஏராளம். 2004ஆம் ஆண்டு மார்கழியில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் அத்தொகை இன்னும் கூடிற்று. அச்சத்தைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

எமக்கு வயது நாற்பத்தைந்து. உயரம் 168 சென்ரிமீற்றர். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் நிறை 84 கிலோவாக இருந்தது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்கும் கணக்கொன்று உண்டு; அதன்படி எமக்கு வந்த எண் ஏறக்குறைய 30. ஆசிய நாட்டவர்க்கு 23ஐக் கடந்தாலே எச்சரிக்கை, 27.5ஐக் கடந்தால் ஆபத்து மிகுதி என 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு எல்லை வகுத்திருக்கிறது. எமது இரத்தத்திற் சீனியும் வரம்பின் ஓரத்தில் வந்து நின்றது.

இதனைச் சிறு விஷயமாகக் கொள்ள எம்மால் இயலவில்லை. எம் தந்தையார் நீரிழிவு நோயர். காலிற் பட்ட சிறு காயம் புண்ணாகி, புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாயிற்று. இரண்டாண்டுகள் பாயிற் கிடந்து 2012இல் காலமானார். இலங்கை முழுவதும் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அந்தத் தொகையைப் படித்தபோது எமக்கு அது வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. ஒரு பாயும், அதன் அருகே வைத்த பித்தளைச் செம்பும் கண்முன் வந்தன.

நடக்கலாமே என்பார்கள். நடந்தோம், முழங்கால் இடந்தரவில்லை. நீரோ உடலைத் தாங்கிக்கொள்ளும். இடுப்பளவு நீரில் நிற்பவனுடைய கால்கள் சுமப்பது ஏறக்குறைய அவன் நிறையிற் பாதி. மார்பளவுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். உவர்நீர் நன்னீரைக் காட்டிலும் அடர்ந்ததாதலின் கடலில் மிதத்தல் பின்னும் எளிது. எண்பத்துநான்கு கிலோவைக் கரையிலே விட்டுவிட்டு வந்தவன்போல நாம் குடாவில் மிதந்த முதல்நாள் இன்பத்தைச் சொல்ல எமக்குத் தமிழ் போதாது. கதையாசிரியர் ஆதர் சி. கிளார்க் இளம்பிள்ளை வாதத்தின் பின்விளைவால் தரையில் நடக்க வருந்தியபோதும், நீருக்குள் இறங்கினால் அந்த வருத்தம் இல்லாதிருந்தார் என்பது யாவரும் அறிந்தது. 1956இல் அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையிலே சுவாமிமலைக்குக் கீழே சுழியோடிக் கோணேசர் கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள்.

எம்மோடு நீந்த வந்தவர் உடன்படிப்பிக்கும் நண்பர் ஒருவர். வயது, நிறை, வயிறு ஆகிய மூன்றிலும் எமக்கு ஒப்பானவர். வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலையில், கடற்கரைச்சேனைப் பக்கமாக அரைமணி நேரம் நீந்துவது என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நண்பர் ஒருநாளேனும் தவறவில்லை. அவருடைய கை வீச்சைக் கண்டு கரையில் வலை இழுப்போரும் வியந்தனர். மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறி நின்றார். இரண்டு கிலோ கூடியிருந்தது! தராசு பழுதென்று இன்னொரு தராசைத் தேடிப் போனார். அதுவும் முன்னையதையே ஆமோதித்தது.

மர்மம் ஒன்றுமில்லை. கரையேறியதும் நண்பர் சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்குப் போவார். சூடான பாணும் பருப்பும், மேலே இரண்டு வடை, பாற்றேநீர் ஒன்று. பின்னர் வீட்டிற்குச் சென்று காலை உணவு. “உழைத்த உடம்பு கேட்கிறது” என்பார். உடம்பு கேட்டது உண்மையே. உழைப்பின் அளவுக்குத்தான் கேட்டதா என்பதே ஆராய்தற்குரியது.

எண்பது கிலோ நிறையுள்ள ஒருவர் மெல்ல அரைமணி நேரம் நீந்தினால் ஏறத்தாழ 240 கலோரி செலவாகும். கால் இறாத்தற் பாணில் இருப்பது ஏறக்குறைய 280 கலோரி. சம்பலும் பருப்பும் வடையும் கணக்கில் இன்னும் வரவில்லை. ஒரு கிலோ கொழுப்பு உடலைவிட்டு நீங்குவதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி செலவாகவேண்டும். வாரம் ஐந்து நாள் நீந்தி, உணவில் ஒரு பருக்கையும் கூட்டாதவருக்கே ஒரு கிலோ குறைய ஆறு வாரத்திற்கு மேலாகும். இப்படியிருக்க, தேநீர்க் கடையிலே பத்து நிமிடத்தில் ஆறு வாரத்துப் பாட்டைக் கரைத்துவிடுவது எவ்வளவு எளிது! கல்லாவில் இருக்கும் முதலாளி நம்முடைய நீச்சலாற் பெறும் இலாபம் நமது உடம்பு பெறுவதினும் அதிகம்.

இவ்விஷயம் நண்பர் ஒருவரோடு நிற்பதன்று. 1987இல் அமெரிக்காவில் கிராண்ட் குவினப் என்னும் வைத்தியர், உடல் பருத்த பெண்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, உணவுக் கட்டுப்பாடு எதுவும் விதிக்காமல், ஒரு கூட்டத்தாரை நடக்கவும் ஒரு கூட்டத்தாரைச் சைக்கிள் மிதிக்கவும் ஒரு கூட்டத்தாரை நீந்தவும் செய்தார். நடந்தோர் தம் நிறையில் நூற்றுக்குப் பத்து அளவும், சைக்கிள் மிதித்தோர் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவும் குறைந்தனர். நீந்தினோருக்கு ஒன்றும் குறையவில்லை.

ஏன் இவ்வாறு ஆயிற்று? 2005இல் புளோரிடாவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி ஒரு வழியைக் காட்டுகிறது. ஆடவர் சிலரை நீருக்குள் நிறுத்திய சைக்கிளை 45 நிமிடம் மிதிக்கச் செய்தார்கள். ஒருநாள் நீர் 20 பாகை வெப்பத்தில் குளிர்ந்திருந்தது. இன்னொருநாள் 33 பாகையில் வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு நாளும் செலவான சக்தி ஏறக்குறைய ஒன்றே. பின்னர் விரும்பியபடி உண்ண விட்டார்கள். வெந்நீர் நாளில் அவர்கள் சராசரி 608 கலோரி உண்டனர். தண்ணீர் குளிர்ந்திருந்த நாளிலோ 877 கலோரி! தரையில் ஓடுபவனுக்கு உடல் சூடேறுகிறது. சூடேறிய உடல் சற்றுநேரம் உணவை வேண்டுவதில்லை. நீரோ காற்றைக் காட்டிலும் இருபத்தைந்து மடங்கு அளவில் வெப்பத்தைக் கடத்த வல்லது. நீந்துபவனுடைய சூட்டை அது ஓயாது கவர்ந்துகொண்டேயிருக்கிறது. குளிர்ந்த உடல் தன் அடுப்புக்கு விறகு கேட்கிறது என்று கொள்ளலாம்.

எமது குடாவின் நீர் புளோரிடாச் சோதனையின் குளிர்நீர் போன்றதன்று. பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரையில் இருக்கும். ஆயினும் மனிதனுடைய தோலைவிட அது குளிர்ந்ததே. விடியற்காலையில் காற்று வீசும்போது ஈர உடலோடு கரையில் நின்று கதை பேசுபவனுக்கு நடுக்கம் எடுக்கத்தான் செய்யும். பசிக்குக் காரணமாகிய சுரப்பொன்றும் உண்டு. கிரெலின் எனப் பெயரிய அதனை 1999இல் யப்பானிய அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். கடுமையாக உழைத்த உடனே அது சற்று அடங்கும், பின்னர் மீண்டும் எழும். அதனாலேதான் கரையேறியவுடன் “பசியே இல்லை” என்பவர் ஒருமணி நேரத்தின்பின் சட்டியைத் துழாவுகிறார்.

இவற்றைக் கேட்டு, நீச்சலே வீண் என்று எவரும் முடிவு கட்டிவிடவேண்டாம். அவுஸ்திரேலியாவிலே பேர்த் நகரில் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதுள்ள பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை வைத்து நடத்தி, 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் நீந்தினோர் நடந்தோரைவிட 1.1 கிலோ குறைந்திருந்தனர். ஓராய்வு மேற்கே இழுக்க மற்றொன்று கிழக்கே இழுக்கிறது. எமது துணிபு யாதெனில், நீரின் மேற் பிழையில்லை. நீரைவிட்டு ஏறியபின் கழியும் இரண்டுமணி நேரத்திலேதான் யாவும் அடங்கியிருக்கிறது என்பதே.

நெடுந்தூரம் நீந்துவோரெல்லாம் ஒல்லியானவர்கள் என்று எண்ணுவதும் சரியன்று. 1955இல் கிறிபித் பியூ என்னும் ஆங்கில அறிஞர் (1953இல் எவரெஸ்ற் ஏறியவர்களோடு சென்றவர் இவரே) ஆங்கிலக் கால்வாயை நீந்துவோரைச் சோதித்து, குளிர்நீரில் அவர்களைக் காப்பது தோலின் கீழுள்ள கொழுப்பே என எடுத்துக் காட்டினார். கொழுப்பு அவர்களுக்குக் கம்பளி. எமது பாக்குநீரிணையோ வெப்பமான நீர். 1954இல் தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமி அவர்கள் ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி அதனைக் கடந்து கோடிக்கரை சேர்ந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக 51 மணி நேரம் நீந்தினார். அவரைக் கொண்டுபோனது, பின்னர் 1984இல், ஆங்கிலக் கால்வாயின் குளிர். அத்தகைய பெருவீரர்கள் எவ்வளவு உண்டாலும் தகும். அரைமணி நேரம் கையைக் காலை அசைத்த எம்போன்றோர் அவர்களுடைய பசியைக் கடன் வாங்கலாகாது.

இனி எம் வீட்டுக்கு வருவோம். தேநீர்க் கடையைத் தவிர்த்தல் எமக்குப் பெரும்பாடாக இருக்கவில்லை. காசைக் கொண்டுபோகாமல் விட்டால் முடிந்தது. கடினமானது எம் அன்னையின் அடுக்களை.

அன்னைக்கு எழுபத்தொரு வயது. பிறந்தது சம்பூர். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது உடுத்த சேலையோடு நடந்தவர்களில் அவரும் ஒருவர். மட்டக்களப்புப் பக்கம் சென்று, திரும்பி, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் எனப் பங்கிட்டு அமைந்த முகாம்களில் மக்கள் ஒன்பது ஆண்டுவரை இருந்தார்கள். 2015இலேதான் காணிகள் விடப்படத் தொடங்கின. முகாமிற் கொடுத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. இவற்றைக்கொண்டு ஒரு குடும்பத்தை நாள்தோறும் உண்ண வைப்பது எப்படி என்பதை அன்னை கற்றார். நீரிழிவு நோயராகிய கணவருக்கு வெள்ளையரிசியும் கோதுமை மாவும் தவிர வேறெதைக் கொடுப்பது என்பதற்கு மட்டும் அவர் எங்கும் விடை பெறவில்லை. எம் தந்தையார் கண்மூடியது அந்த நாட்களிலே.

இத்தகையவர், கடலிற் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும் மகனைக் கண்டால் என்ன செய்வார்? பிட்டு ஒரு நீற்றுப்பெட்டி நிறைய அவித்து, தேங்காய்ப் பூ அள்ளித் தூவி, மீன்குழம்பை ஊற்றி, மேலும் ஓரகப்பை வைத்து, “கடல் குளிச்ச உடம்பு, பசிக்கும் ராசா, சாப்பிடு” என்பார். “போதும் அம்மா” என்றால் முகம் வாடும். கோப்பையில் மிச்சம் விட்டால் பேச்சு நின்றுபோகும். முகாமிலே மிச்சம் என்ற சொல்லே இல்லாதிருந்தது என்பதை நாம் அறிவோம். உண்ணாதொழிந்தால் உடம்பு மெலியும்; அன்னையின் மனமும் அதனோடு மெலியும். இந்த இடர்ப்பாட்டுக்கு மருந்துச்சீட்டு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாளின் கதை வருகிறது. முனிவர் ஒருவருடைய நாவற்கனியைக் காலால் அழித்தமையால் சாபம் பெற்று, எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயால் பன்னிரண்டாண்டு வருந்தினாள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவாலே நோய் நீங்கினாள். வகுப்பிலே இதனைப் படிப்பிக்கும்போதெல்லாம் மாணவர்கள் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தையே வியப்பார்கள். எமக்கோ இப்போது வியப்பாயிருப்பது, அவ்வளவு பெரும்பசிக்கு அவ்வளவு சிறிய உணவு போதுமாயிற்றே என்பது. இட்டவளின் கைக்கும் அதிலே பங்குண்டு போலும்.

எமக்கு வழி காட்டியவர் கடற்றொழில் செய்யும் முதியவர் ஒருவர். அறுபதைக் கடந்தும் வயிறு முதுகோடு ஒட்டியவர். எம் நண்பர் கடையை நோக்கி விரைவதைக் கண்டு ஒருநாள் சிரித்தார். “மாஸ்டர், இது சோத்துப் பசி இல்ல, குளிருப் பசி. முதல்ல மேலத் துடைச்சு, காஞ்ச உடுப்பப் போடுங்க. சுடச்சுட எதையாவது குடிங்க. கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்க. அதுக்குப் பிறகும் பசிச்சா அது உண்மைப் பசி” என்றார். புளோரிடா அறிஞர்கள் சைக்கிளையும் தொட்டியையும் வைத்துக் கண்டதை இவர் ஒரு துவாயை வைத்துக் கண்டிருக்கிறார்!

அவர் சொன்னபடி இன்றுவரை செய்துவருகிறோம். கரையேறியதும் தலையை நன்றாகத் துவட்டி உலர்ந்த ஆடை அணிகிறோம். போத்தலிற் கொண்டுபோன நீரை முதலில் அருந்துகிறோம். நீருக்குள் இருக்கும்போது உடலில் நீர் குறையாது என்று எண்ணுவது தவறு. நீரின் அழுத்தம் இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுவதால் சிறுநீரகங்கள் வழக்கத்தினும் மிகுதியாக நீரை வெளியேற்றுகின்றன. நீந்தும்போது வியர்வையும் உண்டு, அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. பிறகு வீட்டுக்கு மெல்ல நடந்து வருகிறோம். வந்ததும் மல்லித்தண்ணீரோ சீனி போடாத வெறுந்தேநீரோ ஒரு கோப்பை. சீனி வேண்டுமென்று நாக்குக் கெஞ்சும். இரண்டு வாரம் பொறுத்தால் கெஞ்சுவதை விட்டுவிடும்.

இதற்குள் அரைமணி நேரம் கழிந்துவிடுகிறது. பின்னர் உண்பது காலை உணவே. அதற்கு முன்னே வேறோர் உணவு இல்லை. நீச்சலை உணவு வேளைக்குச் சற்று முன்பாக அமைத்துக்கொள்வதிலுள்ள நன்மை இதுவே. நடுப்பொழுதில் நீந்துபவர்க்கு இடையில் ஒரு புதிய உணவுவேளை முளைத்துவிடுகிறது. முளைத்தது பின்னர் வேரும் ஊன்றிவிடும். வெறும் வயிற்றில் நீந்தினால் தலை சுற்றும் என்பவர் இறங்குவதற்கு முன் ஓர் இதரை வாழைப்பழம் உண்ணலாம். எமக்கு அது தேவைப்படுவதில்லை.

காலை உணவில் என்ன இருக்கவேண்டும் என்பதை அன்னையோடு பல நாள் வழக்காடித் தீர்த்தோம். வழக்கு என்றோமாயினும், தீர்ப்பு வழங்கியது எம் மனையாள்தான். “மாமி, பிட்டைக் குறைக்க வேண்டாம், மாவை மாற்றுவோம்” என்றார். வெள்ளை மாவுக்குப் பதிலாகக் குரக்கன் மா வந்தது. தேங்காய்ப் பூவின் இடத்தைப் பாதிக்குமேல் முருங்கையிலை பிடித்துக்கொண்டது. அவித்த பயறு அல்லது கௌப்பி ஒரு கிண்ணம், மீன் ஒரு துண்டு அல்லது முட்டை ஒன்று. இலையும் பயறும் மீனும் வயிற்றில் நெடுநேரம் தங்குவன. வெள்ளைப் பாண் உண்டவன் பத்துமணிக்கு மீண்டும் பசியென்கிறான். பயறு உண்டவன் நண்பகல் மணியடிக்கும்வரை பாடம் நடத்துகிறான். கோப்பை நிறைந்தே இருந்ததால் அன்னைக்கும் மனக்குறை இல்லை. முதல் வாரம் குரக்கன் பிட்டைத் தொட்டுப் பார்த்து, “முகாமில கூட இப்பிடிக் கறுப்பாச் சாப்பிடல்லயே” என்றார். மறுவாரம் கூனிச் சுண்டலோடு தாமே உண்டு பார்த்தார். இப்போது குரக்கன் அரைக்கக் கொடுப்பதும் புடைப்பதும் அவர் பொறுப்பு. மூதூர்த் தயிரை மட்டும் கைவிட மாட்டேன் என்கிறார், நாமும் வற்புறுத்தவில்லை. சீனியும் கித்துள் பாணியும் சேராத தயிரால் குடி முழுகிவிடாது.

விரதம் காக்கும் குடும்பத்தவர்க்கு இது புதிதன்று. கந்தசஷ்டி ஆறுநாளும் உபவாசமிருந்தவர் ஏழாம்நாட் பாரணையில் எப்படி உண்கிறார் என்று பாருங்கள். பழக்கமுள்ளவர் மெல்லத் தொடங்குவார். பழக்கமில்லாதவர் ஆறுநாள் விட்டதை ஒருவேளையில் எட்டிப்பிடிக்க முயன்று மாலையில் ஓமநீர் தேடுவார். நீந்துபவனுக்கு நாள்தோறும் ஒரு சிறு பாரணை.

ஓரெச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். நீரிழிவுக்காக இன்சுலின் ஏற்றுவோரும், இரத்தத்திற் சீனியை இறக்கும் மாத்திரை உண்போரும் மேலே சொன்ன பொறுத்திருக்கும் முறையைத் தாமாகக் கைக்கொள்ளலாகாது. நீந்தியபின் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு பசி வந்தால் அஃது ஆராய்ந்து பார்க்கும் பசியன்று. உடனே சீனித்தண்ணீரோ குளுக்கோசோ உட்கொள்ளவேண்டும். பின்னர் வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவைப் பேசவேண்டும். அத்தகையோர் தனியே நீந்துதலும் கூடாது.

பெண்களைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. உடற்பருமன் இந்நாட்டில் ஆடவரினும் பெண்டிரிடத்தே மிகுதி. ஆயினும் விடியலில் குடாவில் நீந்துவோர் அனைவரும் ஆடவர். சேலையோடு ஆடியமாவாசைத் தீர்த்தத்தில் மூழ்கலாம், ஆனால் மறுநாள் அதே கடலில் உடல்நலத்துக்காக இறங்கினால் ஊர் பார்க்கும் என்பது என்ன நியாயமோ எமக்கு விளங்கவில்லை. எம் மனையாளும் அயல்வீட்டுப் பெண்கள் மூவரும் இப்போது வாரத்தில் மூன்று நாள், சட்டையும் நீள்காற்சட்டையும் அணிந்து, இடுப்பளவு நீரில் கரையோடு கரையாக நடந்து வருகிறார்கள். நீரில் நடப்பதும் நல்ல பயிற்சியே. முழங்கால் நோவுடையோர்க்கு அது போதும். ஊர் இரண்டு வாரம் பார்த்தது. மூன்றாம் வாரம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

மாணவர்க்கும் ஒரு சொல். மெலிவதற்காக நீங்கள் நீந்தவேண்டியதில்லை. உயிரோடிருப்பதற்காக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். 2021 கார்த்திகையில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்ததை இம்மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. நான்கு பக்கமும் ஆறும் களப்பும் கடலுமாக உள்ள பிரதேசத்தில் நீச்சல் ஒரு பாடமாக இல்லாதிருப்பது எமக்குப் பெருங்குறையாகவே படுகிறது. கற்கும் இடத்தை மட்டும் தேர்ந்துகொள்ளவேண்டும். களப்புப் பக்கமும் மகாவலி கலக்கும் முகத்துவாரப் பக்கமும் முதலை உண்டு, அங்கே இறங்கலாகாது. குடாவின் நடுவே கடலடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு உண்டாதலின் கரையைவிட்டு விலகிப் போவதும் தகாது. கரைக்கு ஒப்பாக நீந்துங்கள். கடலை அறிந்த ஒருவர் கரையில் நிற்கட்டும்.

எமது நிறை இப்போது 78 கிலோ. பதினான்கு மாதத்தில் ஆறு கிலோ என்பது விளம்பரங்களிற் காணும் வேகத்தோடு ஒப்பிட்டால் நகைப்புக்கிடமானதே. இரத்தத்திற் சீனி வரம்புக்குள் இறங்கியிருக்கிறது. முழங்கால் படியேறும்போது முன்போல் முறையிடுவதில்லை. நண்பரும் கடையைவிட்டு விலகி, கூடிய இரண்டையும் அதற்குமேல் மூன்றையும் குறைத்துவிட்டார். கடை முதலாளி மட்டும் எம்மைக் கண்டால் முன்போற் சிரிப்பதில்லை.

சோளகம் வீசும் மாதங்களில் எமது கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இப்பகுதியில் அக்காற்றைக் கச்சான் என்பார்கள். வறுத்து விற்கும் கச்சானை நினைத்து எவரும் நாவூற வேண்டாம், அதிலும் ஒரு கைப்பிடி 150 கலோரிக்குக் குறையாது. ஐப்பசி முடிந்து வாடை எழுந்ததும் குடா கலங்கும். ஆற்றுவெள்ளம் மரக்கட்டைகளையும் கொண்டுவந்து தள்ளும். தை பிறந்து நீர் தெளியும்வரை நாம் கடலில் இறங்குவதில்லை. அம்மாதங்களில் நீந்தும் பயிற்சி இல்லையாயினும் நீந்திய நாட்களின் பசி சிறிதுகாலம் வழக்கம்போல் ஆறரை மணிக்கு வந்து கதவைத் தட்டும். அதற்கு மல்லித்தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பாலம்வரை நடந்து வருகிறோம்.